யார் கூப்பிடும் தூரம்?

கூப்பிடு தூரம் என்றால் யார் கூப்பிடும் தூரம்?

பள்ளிக்கூடத்தில் மைல், பர்லாங், கஜம், அடி என்று எல்லாவற்றையும் தலைகீழாக ஒப்பித்துப் பரிசு வாங்கியவள் நான். இந்த ஒரு அளவை மட்டும் எந்த வாய்ப்பாட்டிலும் பார்த்ததில்லை. கேட்டால் சிரிக்கிறார்கள். "கூப்பிட்டாக் கேக்குற தூரம், இதுல என்ன சந்தேகம்?" என்கிறார்கள். எனக்குச் சந்தேகம் தீரவில்லை. கோபமும் தீரவில்லை.

இதை எழுதலாமா கூடாதா என்று வெகுநாள் குழம்பினேன். எழுதியதை என் வீட்டுக்காரரிடம் படித்துக் காட்டினேன். அவர் எடுக்கச் சொன்ன இரண்டு இடங்களை எடுத்துவிட்டேன். மூன்றாவது இடத்தை எடுக்கவில்லை. அது எது என்று படிக்கிறவர்களுக்கே தெரிந்துவிடும்.

எங்கள் ஊர் கீரனூருக்கும் குன்றாண்டார்கோவிலுக்கும் நடுவில், பெரிய ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. ஊர்ப் பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு சரி. நாலாம் வகுப்புக்குக் கீரனூர் போக வேண்டும். போக இரண்டு வழி. ஒன்று வண்டிப்பாதை. பக்கத்து ஊரைச் சுற்றிக்கொண்டு போகும். பெரியவர்களுக்கே கால் ஓய்ந்துவிடும். இன்னொன்று குளத்துக்கரை வழி. அதில் பாதி நேரத்தில் போய்விடலாம். ஆனால் கரையின் நடுவில் கலிங்கு இருக்கிறது. குளம் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் கரையை உடைத்துவிடாமல் வழிந்து போவதற்காகக் கட்டிய கல்தளம் அது. பங்குனியில் அதன்மேல் ஆடுகள் படுத்து அசை போடும். ஐப்பசியில் அதன்மேல் தண்ணீர் ஓடும். பாதை அதன்மேலேதான் போகிறது.

எனக்கு மூத்தது பெண். அடுத்தது கைக்குழந்தை, ஆண். பெண் மூன்றாம் வகுப்பை முடிக்கிற நேரத்தில் வீட்டில் பேச்சு வந்தது. என் வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை. வயலும் வாசகசாலையும் என்று இருப்பவர். மகள் படிப்பதில் அவருக்கு ஆசைதான். ஆனாலும் சொல்லிவிட்டார்:

"வழி நல்லா இருந்தா அனுப்புவோம். வழி சரியில்லேன்னா, படிச்ச வரைக்கும் போதும்."

நானும் தலையாட்டினேன். அதில் தப்பாக எதுவும் தெரியவில்லை. என் மகளின் நாலாம் வகுப்பு ஒரு கலிங்கின் மேல் போய் உட்கார்ந்துகொண்டது என்பது அப்போது எனக்குப் புரியவில்லை.

போன வருஷம், பஞ்சாயத்து யூனியன் வந்த புதிது அது. ஊருக்கு ஊர் உள்ள நடைவழிகளில் எது நல்ல வழி, எதற்குப் பாலமோ கல்லோ போட வேண்டும் என்று ஊர்க்காரர்களே நடந்து பார்த்துச் சொல்லலாம் என்று தகவல் வந்தது. நல்ல பாதை என்று சொன்னதை அப்படியே விட்டுவிடுவார்கள். மோசம் என்று சொன்னது வரிசையில் நிற்கும். என்றைக்காவது ஒருநாள் வேலை நடக்கும். எங்கள் வாசகசாலை ஆட்கள் இதற்குத் தொண்டர்களாகக் கிளம்பினார்கள். சம்பளம் கிடையாது. பங்குனி மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளில் வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு காலையில் கிளம்பிக் கீரனூர் வரை நடந்து, காபி கிளப்பில் தோசை தின்றுவிட்டு, திரும்பி நடந்து வருவார்கள். ஊரில் கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு உற்சாகத்தை நான் பார்த்ததில்லை.

முள் இருக்கிறதா, நிழல் இருக்கிறதா, குடிக்கத் தண்ணீர் கிடைக்குமா என்றெல்லாம் பார்த்தார்கள். அதில் எனக்குக் குறை இல்லை. கடைசியாக ஒன்று பார்த்தார்கள்: ஆபத்துக்கு ஆள் உண்டா? அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். கொஞ்ச தூரம் நடப்பது, நின்று ஒருவர் கூப்பிடுவது, எங்கிருந்தாவது பதில் குரல் வந்தால் அந்த இடம் கூப்பிடு தூரம். மேலே நடப்பது.

கூப்பிட்டவர் யார் தெரியுமா? எங்கள் ஊர் மாசித் திருவிழா நாடகத்தில் ராஜா வேஷம் கட்டுகிறவர். மைக் இல்லாமல் விடிய விடியப் பாடுவார். அவர் வசனம் பேசினால் பந்தலுக்குப் பின்னால் கட்டிக் கிடக்கிற மாடுகள் கயிற்றை இழுக்கும். பொழுதுக்கும் அவரை எல்லாரும் ராஜபார்ட் என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தத் தொண்டையை எடுத்துக்கொண்டு போய்ப் பாதையை அளந்தார்கள்.

எங்கள் வீடு ஊரின் கடைசி வீடு, குளத்துக்கரைக்குப் பக்கம். முதல் ஞாயிறு திரும்பி வரும்போது மோர் குடிக்க நின்றார்கள்.

"என்ன தங்கச்சி, கலிங்குலேருந்து நான் கூப்பிட்டது கேட்டுச்சா?" என்றார் ராஜபார்ட்.

"கேட்டுச்சுண்ணே. தூங்குன புள்ள அலறிக்கிட்டு எந்திரிச்சுட்டான்."

"பாத்தீங்களாப்பா! கைப்புள்ளைக்கே கேக்குது. கூப்பிடு தூரம்னு போட்டுக்கங்க!"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டுச் சொம்பை வாங்கும்போது சொன்னேன்: "அண்ணே, ஐப்பசியில ஒருக்கா வந்து பாத்தீங்கன்னா நல்லாருக்கும்."

"ஐப்பசியிலயும் இதே தொண்டைதான் தங்கச்சி. மழைக்கு என்ன, தொண்டை கரஞ்சா போயிரும்?"

என் வீட்டுக்காரரும் அந்தச் சிரிப்பில் சேர்ந்துகொண்டார்.

அடுத்தடுத்த ஞாயிறுகளில் அது ஊருக்கே ஒரு விளையாட்டாகிவிட்டது. கிணற்றடியில் மாடு பூட்டிக் கவலை இறைப்பவர்கள், புல் அறுப்பவர்கள், ஆடு மேய்ப்பவர்கள் எல்லாரும் ராஜபார்ட்டின் "ஓ...ய்!" எப்போது வரும் என்று காத்திருந்து, அதைவிட ஓங்கிய "ஓய்!" ஒன்றைத் திருப்பி அனுப்பினார்கள். யார் சத்தம் பெரிது என்று போட்டி. யாரும் இருந்த இடத்தை விட்டு நகரவில்லை. நகர வேண்டிய அவசியம் என்ன? குரல்தானே கேட்டார்கள், குரலைக் கொடுத்தார்கள். என் மகளும் கொல்லைப்புறத்தில் வரப்பின்மேல் ஏறி நின்றுகொண்டு, கழுத்து நரம்பு புடைக்க "ஓய்!" என்பாள். அவள் குரல் கேட்டதாக ராஜபார்ட் ஒருநாள் பாராட்டியதும் தலைகால் புரியவில்லை அவளுக்கு.

சித்திரையில் கோயில் முன்னால் கூட்டம் போட்டு ஒவ்வொரு வழியைப் பற்றியும் வாசித்தார்கள். வாசித்தவர் என் வீட்டுக்காரர். எங்கள் வழிக்கு வந்ததும் அவர் குரலே மாறியது. "குளத்துக்கரை வழி. முள் இல்லை. நிழல் உண்டு. முழுவதும் கூப்பிடு தூரம். நல்ல பாதை." சொல்லிவிட்டுப் பெண்கள் பக்கம் என்னைத் தேடிப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு இன்றைக்கும் கண்முன் நிற்கிறது. மகளுக்குப் பள்ளிக்கூடம் வாங்கிக் கொடுத்துவிட்டேன் பார் என்கிற பார்வை அது. அதற்காக அவரைக் கும்பிடுவதா, அதற்காகவே அவரைத் திட்டுவதா?

நான் எழுந்து நின்றேன். கூட்டத்தில் எழுந்து நின்றது அதுதான் முதல் தடவை. "தண்ணி ஓடுறப்பவும் ஒருக்கா பாத்துட்டுச் சொல்லுங்க. கலிங்குக்கு ஒரு சின்னப் பாலம் வேணும்" என்றேன்.

பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்: "அப்ப வழி நல்லா இல்லேங்கிற. நல்லா இல்லாத வழியில பொட்டப்புள்ளய எதுக்காத்தா அனுப்புற?"

என் வீட்டுக்காரர் முகம் வாடிவிட்டது. பாலம் கேட்டால் பள்ளிக்கூடம் போய்விடும். பள்ளிக்கூடம் கேட்டால் பாலம் போய்விடும். எந்தப் பக்கம் பேசினாலும் என் வாயாலேயே என் மகளைத் தோற்கடிக்கிற மாதிரி அந்தக் கேள்வியை எவ்வளவு சுலபமாகக் கேட்டார் அந்த மனிதர்! வெற்றிலையைக்கூடத் துப்பிவிட்டுக் கேட்கவில்லை. நான் உட்கார்ந்துவிட்டேன். கை தட்டினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்.

"என்னங்க, கலிங்குல நான் நின்னு கூப்பிட்டா யாருக்காவது கேக்குமா?"

"நீ என்னைக்குக் கூப்பிட்டுருக்க? என்னையக் கூப்பிடணும்னாலே கதவு ஓரமா வந்து நின்னு 'ஏங்க'ங்கிற. அதுவும் எனக்கு ரெண்டாம் தடவைதான் கேக்குது."

அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனால் உண்மை. சத்தம் போட்டுப் பேசாதே, சத்தம் போட்டுச் சிரிக்காதே என்று வளர்த்தார்கள். கட்டிக்கொடுத்த வீட்டிலும் அதற்காகத்தான் நல்ல மருமகள் என்று பெயர் வாங்கினேன். புருஷன் பெயரைச் சொல்லிக் கூப்பிட முடியாது. மற்ற ஆம்பிளைகளைக் கூப்பிடவே கூடாது. இப்படிச் சொல்லி வளர்த்தவர்களே, நான் கூப்பிட்டால் ஆள் வரும் என்று பாதைக்கு நற்சாட்சி கொடுக்கிறார்கள். என்ன சொல்லிக் கூப்பிடுவேன்? யாரைக் கூப்பிடுவேன்? அதை ஒருவர்கூட யோசிக்கவில்லை.

ஆனியில் பள்ளிக்கூடம் திறந்தது. காலையில் கீரனூருக்குப் பால் கொண்டு போகிற பெரியவரோடு மகள் போய்விடுவாள். சாயங்காலம் தனியாகத் திரும்ப வேண்டும். நான் பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு கலிங்கு வரைக்கும் போய் நிற்பேன். ஆனி, ஆடி, ஆவணி, புரட்டாசி வரை குறையில்லை. கலிங்கில் புழுதிதான் இருந்தது. நாமாகத்தான் பயந்து செத்தோமோ, படித்தவள் என்கிற கர்வத்தில் நாலு பேர் முன்னால் பேசிவிட்டோமோ என்றுகூட எனக்கே தோன்ற ஆரம்பித்தது. அப்போது வாசகசாலை ஆட்கள் யாராவது எதிரே வந்தால் மன்னிப்புக் கேட்டிருப்பேன். நல்லவேளை, யாரும் வரவில்லை.

ஐப்பசியில் மழை பிடித்தது. குளம் நிரம்பியது. இரண்டு நாள் மகளை அனுப்பாமல் நிறுத்தினோம். மூன்றாம் நாள் வெயில் அடித்தது. கலிங்கில் தண்ணீர் இல்லை. பால்காரப் பெரியவரோடு போனாள். மத்தியானம் மேற்கே எங்கேயோ கொட்டியிருக்கிறது. எங்களுக்குத் தூறல்தான். சாயங்காலம் நான் கரைக்குப் போனபோது கலிங்கின்மேல் தண்ணீர் வழிந்து கொண்டிருந்தது. முழங்காலுக்குத்தான் இருக்கும். ஆனால் இழுப்பு. கல்லெல்லாம் பாசி. அந்தப் பக்கம் என் மகள் தலையில் பையைக் கவிழ்த்துக்கொண்டு நின்றிருந்தாள்.

அங்கேயே நில் என்று கையைக் காட்டினேன். நின்றாள். யாராவது ஒரு ஆம்பிளை வந்தால் போதும். அவளைத் தூக்கி இந்தப் பக்கம் கொண்டு வந்துவிடலாம். கரைக்குக் கீழே வயலில் தலையில் கோணிச்சாக்கைப் போட்டுக்கொண்டு ஒருவர் வரப்பு வெட்டிக் கொண்டிருந்தார். எங்கள் ஊர்க்காரர்தான். என்ன முறை வைத்து அழைப்பது என்று அந்த நேரத்திலும் மனசு தடுமாறியது. கடைசியில் வாயில் வந்தது அந்த விளையாட்டுச் சத்தம்தான்.

"ஓய்...!"

தண்ணீர் சத்தத்தில் அது எனக்கே கேட்கவில்லை. மறுபடி கத்தினேன். என் வாழ்நாளில் அப்படிக் கத்தியதில்லை. இடுப்பில் இருந்த பையன் பயந்து வீறிட்டான். வயலில் இருந்தவர் நிமிர்ந்தார். கரையைப் பார்த்தார். மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, தொண்டையைச் செருமி, நல்ல ஓங்கிய குரலில் திருப்பிச் சொன்னார்:

"ஓ...ய்!"

சொல்லிவிட்டுக் குனிந்து மறுபடி வெட்ட ஆரம்பித்தார்.

நான் மூன்றாவது தடவை கூப்பிட்டேன். பனைகளுக்கு அப்பால் இருந்து இன்னொரு குரலும் சேர்ந்துகொண்டது. "ஓய்!" அதில் ஒரு சிரிப்புகூட இருந்தது. ஆள் வரவில்லை. குரல்தான் வந்தது. முழுவதும் கூப்பிடு தூரம். நல்ல பாதை.

நான்காவதாக ஒரு குரல் வந்தது. மெல்லிய குரல். "ஓய்!" என் மகள். அக்கரையில் நின்றுகொண்டு கழுத்து நரம்பு புடைக்கப் பதில் கொடுத்தாள். கொடுத்துவிட்டு, அம்மா கூப்பிடுகிறாள் என்று தண்ணீரில் காலை வைத்தாள்.

வராதே, வராதே என்று நான் கத்தியதும் கூப்பிடுகிற மாதிரிதான் அவளுக்குக் கேட்டிருக்கிறது. இரண்டு எட்டு வந்தாள். வழுக்கியது. பை போய்விட்டது. அவள் கலிங்கில் நட்டிருக்கிற குத்துக்கல்லைக் கட்டிக்கொண்டாள். பையனைக் கரைமேல் புல்லில் உட்கார்த்திவிட்டு நான் இறங்கினேன். எப்படிப் போனேன், எப்படித் திரும்பினேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அவள் தலைமயிரைப் பிடித்திருந்தேன் என்று மட்டும் தெரியும். அவள் அழுதது தலைமயிர் வலித்ததற்காக.

கரையில் உட்கார்ந்து இரண்டு பிள்ளைகளையும் அணைத்துக்கொண்டிருந்தேன். வேலை முடிந்து வயல்காரர் மேலே ஏறி வந்தார். எங்கள் கோலத்தைப் பார்த்துப் பதறிவிட்டார்.

"என்ன தாயி, என்ன ஆச்சு?"

"கூப்பிட்டேனே. காது கேக்கலையா?"

"கேட்டுச்சே தாயி. அதான் ஓய்னு பதில் குடுத்தேனே. ஏதோ வழி பாக்குறாகன்னுல்ல நெனச்சேன்."

அவர்மேல் கோபப்பட எனக்கு மனசு வரவில்லை. ஊர் கற்றுக்கொடுத்ததைத்தான் அவர் செய்தார். என் மகளிடம் கேட்டேன், ஏன் ஆத்தா தண்ணியில இறங்குன என்று. "நீதானம்மா கூப்பிட்ட" என்றாள். என் குரலைக் கேட்டு ஊரில் உள்ளவர்கள் குரல் கொடுத்தார்கள். ஆளாக வந்தது அவள் ஒருத்திதான்.

வீட்டுக்காரர் அன்றைக்குச் சாப்பிடவில்லை. மகள் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு, நான் பயந்ததையே சொன்னார்: "போதும். நிறுத்திருவோம்."

"எதை?"

"பள்ளிக்கூடத்தைத்தான்."

"பாதை தப்பு பண்ணுச்சு. புள்ளய ஏன் நிறுத்துறீங்க? நல்ல பாதைன்னு நாலு பேருக்கு முன்னால வாசிச்சது நீங்க. அதை முதல்ல நிறுத்துங்க." என் குரல் வாசல் தாண்டிப் போனது. பக்கத்து வீட்டில் விளக்கைத் தூக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள். அவர் எடுக்கச் சொன்ன மூன்றாவது இடம் இதுதான்.

மறுநாள் ராஜபார்ட்டும் இரண்டு தொண்டர்களும் வந்தார்கள். ராஜபார்ட் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு தொண்டர் ரொம்ப யோசித்து வந்து சொன்னார்: "மதினி, இதுக்கு ஒரு வழி இருக்கு. வழி பாக்குறதுக்கு 'ஓய்'. ஆபத்துன்னா வேற சத்தம். 'கூ'ன்னு வச்சுக்குவோம். ஊருக்கெல்லாம் தண்டோராப் போட்டுச் சொல்லிருவோம்."

எனக்கு அழுகை வந்தது, சிரிப்பு வந்தது, கடைசியில் கோபம்தான் நின்றது.

"சத்தத்தை மாத்த வேணாம். பாலத்தைப் போடச் சொல்லுங்க."

"யூனியன் ஆபீசுக்குச் சொல்லி அனுப்பிட்டோமே மதினி. நல்ல பாதைன்னு போயிருச்சு. இனி அடுத்த பங்குனிக்குத்தான் திருப்பிப் பாக்க முடியும்."

"ஐப்பசியில பாத்தா என்ன?"

"மழையில எப்படி மதினி நடக்குறது? சேறா இருக்குமே."

அவர் இதைச் சிரிக்காமல் சொன்னார். அவர் சொன்னது என்ன என்று அவருக்கே விளங்கவில்லை. ராஜபார்ட்டுக்கு விளங்கியது. எழுந்து வெளியே போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்து, "தங்கச்சி, பங்குனிக்கு நீ எங்ககூட வா. கலிங்குல நின்னு நீ கூப்பிடு. நீ என்ன சொல்றியோ அதுதான் இந்த வழிக்குப் பேச்சு. நான் வாயத் திறக்க மாட்டேன்" என்றார். என் வீட்டுக்காரரும் சரி என்றார். மகளை அதுவரை வண்டிப்பாதையில் நானே கொண்டுபோய் விட்டு அழைத்து வருவது என்று முடிவாயிற்று. அப்படித்தான் நடக்கிறது. பையன் இடுப்பிலேயே வளர்கிறான். இரண்டு வேளையும் உலை வைக்க நேரமாகிறது. வீட்டில் யாரும் குறை சொல்வதில்லை. சொல்லாமல் இருக்கிறார்கள் என்பது தெரிகிறது.

இப்போது மாசி. நாடகப் பந்தல் போட்டாயிற்று. அடுத்தது பங்குனி. என்னைப் பெருமைப்படுத்திவிட்டதாக எல்லாரும் நினைக்கிறார்கள். ஒரு பெண்பிள்ளையின் பேச்சை வைத்துப் பாதையைத் தீர்மானிக்கப் போகிறார்களாம். ஆனால் எனக்குக் கொடுத்திருப்பது அதே பழைய சுருக்குக் கயிறுதான், முனையை மட்டும் என் கையில் கொடுத்திருக்கிறார்கள். நான் போய் மோசமான பாதை என்று சொன்னால் பாலம் வரிசையில் நிற்கும். எந்த வருஷம் வரும் என்று தெரியாது. ஆனால் அந்த வார்த்தையைக் கேட்ட மறுநாளே என் மகள் பள்ளிக்கூடத்தை விட்டு நிற்பாள். வண்டிப்பாதையில் நான் எத்தனை நாள் இப்படி நடப்பேன் என்று இப்போதே கேட்கிறார்கள். அவள் போகிறாள் என்று பார்த்து, வரும் ஆனியில் தங்கள் பெண்களையும் அனுப்பலாம் என்று இரண்டு வீட்டில் பேசுகிறார்கள். அந்தப் பேச்சும் நிற்கும். நல்ல பாதை என்று சொன்னால் மூன்று பெண்கள் படிக்கப் போவார்கள். கலிங்கு அப்படியே இருக்கும். மறுபடி ஐப்பசி வரும்.

பொய் சொல்லிப் பிள்ளையைப் படிக்க வைப்பதா, உண்மையைச் சொல்லிப் பிள்ளையை வீட்டில் உட்கார வைப்பதா? இரண்டும் இல்லாமல் மூன்றாவதாகச் சொல்ல ஒரு வார்த்தை இருக்கிறதா? நானும் படித்தவள்தான், எனக்குக் கிடைக்கவில்லை. வாசிக்கிறவர்களில் பெண்ணைப் பெற்றவர்கள் இருப்பீர்கள். உங்கள் ஊருக்கும் பக்கத்து ஊருக்கும் நடுவிலும் இப்படி ஒரு கல் இருக்கும். அதன்மேல் என் இடத்தில் நீங்கள் நின்றால், ஊர் ஆம்பிளைகள் எல்லாரும் வாயை மூடிக்கொண்டு உங்கள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தால், என்ன சொல்லுவீர்கள்? தெரிந்தவர்கள் பங்குனிக்கு முன்னால் எழுதுங்கள். ஓய் என்று பதில் மட்டும் வேண்டாம்.